வாவிக்கரை இளைஞரும் நீச்சற் பயிற்சியும்

மட்டக்களப்பு என்றவுடன் முதற்கண் நினைவுக்கு வருவது நீரேயாம். கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவியானது, அந்நிலத்தினை ஞாயிறு எழும் பக்கமாகிய எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் பக்கமாகிய படுவான்கரை என்றும் இருகூறாக வகுத்து நிற்கின்றது. தோணியும் வீச்சுவலையும் இவ்விரு கரையினர்க்கும் ஏரும் கொழுவும் போல்வன. மண்முனைத்துறையிற் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அத்துறையைக் கடப்போர் ‘பாதை’ எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். நிலவொளி வீசும் இரவுகளிற் கல்லடிப் பாலத்தருகே கேட்கும் நீரொலி, ‘மீன்பாடும் தேனாடு’ என்னும் பெயரையே அந்நாட்டுக்கு ஈட்டித் தந்தது. இத்தகைய நாட்டிற் பிறந்த பிள்ளைகள் யாவரும் நீந்த வல்லுநர் என்று பிறநாட்டார் கருதுதல் இயல்பே.

ஆயினும் உண்மை அவ்வாறன்று. நீரருகே வாழ்தல் வேறு. நீரில் வாழத் தெரிதல் வேறு. மீன்பிடிப்போர் குடியிற் பிறந்த ஆண் பிள்ளைகள் தோணியின் விளிம்பைப் பற்றி ஒருவாறு நீந்தப் பழகுவர். வயல்சார்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், நகரத்துப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும் அவ்வாய்ப்பு அரிதாகவே கிட்டும். ஆகவே நீச்சற் போட்டிக்கென ஓர் இளைஞர் அணியைப் பயிற்றுதல் எங்ஙனம் என்னும் வினா, வாவிக்கரையைப் பொறுத்தவரை வெறும் விளையாட்டு வினாவாக நின்றுவிடுவதில்லை. அதனுள்ளே உயிர்க்காப்பு என்னும் பெருவினாவும் அடங்கியுள்ளது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பழக்கமும் பயிற்சியும்

தமிழர்க்கு நீர்விளையாட்டுப் புதியதன்று. வையைப் புனலாட்டைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதுபுலவர், நீர்த்துறையிற் படிந்து தாழ்ந்த மருதக் கிளையின் மீதேறிக் கரையிலுள்ளோர் வியக்க ஆழ்மடுவிற் பாய்ந்து, அடியிலுள்ள மணலை அள்ளிக்கொண்டு வெளிவந்த தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். இன்றும் வாவிக்கரைச் சிறுவர் இவ்விளையாட்டினை ஆடக் காணலாம். அதே பழம்பாடல் மரபு, ஆட்டனத்தி என்பானைக் காவிரி வவ்விச் சென்றமையையும், அவனைத் தேடி ஆதிமந்தி அலைந்தமையையும் மறவாது கூறுகின்றது. நீர் தரும் களிப்பும் நீர் தரும் கேடும் ஒருங்கே அறிந்த மரபு அது.

ஆனால் இவ்வகை நீர்ப்பழக்கம் போட்டி நீச்சலாகாது. நீர்ப்பழக்கமுடைய சிறுவன் தலையை நீர்மட்டத்துக்கு மேலே நிமிர்த்தி, கரையையும் தோணியையும் பார்த்தவாறே நீந்துவான். வலையை இழுக்கவும் அலையை நோக்கவும் அம்முறை ஏற்றது. போட்டியாளனோ முகத்தை நீரில் அமிழ்த்தி, உடலைக் கிடையாக நீட்டி, மூச்சை வேண்டியபோது மட்டும் எடுத்தல் வேண்டும். முன்னதிற் பல்லாண்டு ஊறிய சிறுவன் பின்னதைக் கற்கும்போது, நீச்சலே அறியாத சிறுவனிலும் மிகுதியாக இடர்ப்படுதல் உண்டு. பழகிய கை பழகிய வழியே செல்லும். அவன் முன்னர்க் கற்றதைப் பழித்துரையாது, அது வேறொரு தொழிலுக்குரிய நீச்சல் என்று விளக்கிப் புதியதைக் கற்பித்தலே பயிற்றுநரின் முதற் கடமை.

வாவியிற் பிறந்த நீச்சல்

இன்று உலகமெங்கும் விரைவு நீச்சலுக்குரியதாக விளங்கும் தவழ் நீச்சலின் வரலாற்றிலே, ஒரு வாவிச் சிறுவனுக்குச் சிறப்பிடம் உண்டு. 1886இற் சொலமன் தீவுகளிற் பிறந்த அலிக் விக்கம், அங்குள்ள ரோவியானா வாவியில் நீந்தி வளர்ந்தவர். கல்வியின் பொருட்டு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்ற அவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அங்கு நீந்தியபோது, கைகளை மாறிமாறி வீசிக் கால்களை மேலுங் கீழுமாக அடித்துச் சென்ற அவ்விரைவைக் கண்டோர் வியந்தனர். தீவு மக்களுக்கு நாட்பட்ட வழக்கமாயிருந்த அம்முறையை, கேவில் என்னும் நீச்சற் குடும்பத்தார் முதலியோர் ஆராய்ந்து திருத்தி உலகப் போட்டிகளிற் பரப்பினர். வாவி விளையாட்டு ஒன்று, உற்றுநோக்கும் கண்ணும் ஒழுங்குபடுத்தும் அறிவும் வாய்த்தபோது உலகக் கலையாயிற்று.

ஈழத்துத் தமிழரிடையேயும் இதற்கு இணையான ஆற்றல் வெளிப்பட்டதுண்டு. நீரேரிக்கரை ஊராகிய தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி, 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுக்கோடிக்கும், அங்கிருந்து மீண்டு தலைமன்னாருக்குமாக 51 மணி நேரம் இடையறாது நீந்தி, ‘ஆழிக்குமரன்’ எனப் போற்றப்பட்டார். அவர் 1984ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். இவர்களின் வீரம் என்றும் போற்றற்குரியது. ஆயினும் தனி ஒருவரின் பேராற்றலை நம்பி ஒரு மாவட்டத்தின் நீச்சலை வளர்த்தல் இயலாது. தனியாள் அருஞ்செயல் பாராட்டைத் தரும். ஒழுங்கான பயிற்சியோ தலைமுறையைத் தரும்.

நீரின் இயல்பு

நீச்சற் பயிற்சிக்கு அடிப்படை நீரின் இயல்பை அறிதலாகும். நீரின் அடர்த்தி வளியின் அடர்த்தியைக் காட்டிலும் ஏறக்குறைய 800 மடங்கு மிகுந்தது. எனவே ஓடுபவனுக்கு வளி தரும் தடையிலும் நீந்துபவனுக்கு நீர் தரும் தடை பன்மடங்காகும். அத்தடை வேகத்தின் வருக்கத்தோடு பெருகுவது. வேகத்தைப் பத்திலொரு பங்கு கூட்டினால், நீர்த்தடை 21 வீதம் கூடும்; அதனை வெல்ல வேண்டிய வலுவோ 33 வீதம் கூடும். வலிமையை மட்டும் பெருக்கி விரைவு பெற முயல்வோன், செலவு மிகுந்த வழியைத் தேர்ந்தவனாவான். தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி, உடலை ஒரு தோணியின் அடிபோல ஒழுக்கமைத்துக் கொள்வோன் அதே வலுவால் விரைந்து செல்வான். தோணி கட்டும் தச்சர் அறிந்த உண்மை இது. வாவிக்கரைச் சிறுவர்க்கு இதனை நூல்கொண்டு விளக்க வேண்டியதில்லை. அகன்ற மிதவையையும் ஒடுங்கிய தோணியையும் காட்டினாற் போதும்.

வாவிநீரின் உவர்ப்பும் கருதத்தக்கது. நன்னீர் ஒரு லீற்றர் 1000 கிராம் நிறையுடையதாயின், கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம் இருக்கும். 50 லீற்றர் கனவளவுள்ள உடலைக் கடல்நீர் 1¼ கிலோகிராம் அளவுக்கு மிகுதியாகத் தாங்கும். வாவியோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வடகீழ்ப் பருவ மழையில் ஆறுகளும் வாய்க்கால்களும் வந்து விழ அது நன்னீரை அணுகும். கோடையில் உவர்ப்பு மிகும். எனவே கோடையில் வாவியில் உயர்ந்து மிதந்த சிறுவன், நன்னீர் நிரம்பிய நீச்சற்றடாகத்திற் போட்டியிடும்போது கால்கள் தாழ்வதை உணர்ந்து மனங்கலங்குதல் கூடும். அது அவன் குறையன்று, நீரின் வேறுபாடே என்பதைப் பயிற்றுநர் முன்னரே கூறிவைத்தல் நன்று.

வாவியிற் பயிற்சி: வாய்ப்பும் இடரும்

உலகப் போட்டிகள் 50 மீற்றர் அல்லது 25 மீற்றர் நீளமுள்ள தடாகங்களில் நடைபெறுவன. அவற்றின் நீர் 25 முதல் 28 பாகை செல்சியசு வரை வைக்கப்படும். எல்லா ஊர்க்கும் தடாகம் வாய்ப்பது எளிதன்று. அதனால் வாவியையே பயிற்சிக்களமாகக் கொள்ளலாமோ எனில், அளவறிந்து கொள்ளலாம் என்பதே விடை.

வாவியின் பெரும்பகுதி ஆழங்குறைந்தது. இது தொடக்க மாணவர்க்கு நன்மையே. கால் நிலத்திற் படும் என்னும் துணிவு அவர்க்குக் கிடைக்கும். ஆனால் அதே ஆழக்குறைவு, மேலிருந்து தலைகீழாய்ப் பாய்வோர்க்குப் பெருங்கேடு. கழுத்தெலும்பு முறிந்து வாழ்நாள் முழுவதும் முடமாகும் இடர் அதிலுண்டு. ஆதலின் வாவிப் பயிற்சியில் எவரும் நீருள் நின்றே தொடங்குதல் வேண்டும்; பாய்ந்து தொடங்கும் முறை ஆழமறிந்த தடாகத்திலேயே கற்பிக்கத்தக்கது.

காலமும் நோக்கற்பாலது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலுக்குப் பின் வாவி அலைபுரளும். அதிகாலையே அமைதியான பொழுது. மாரியில் வெள்ளநீர் கலங்கி வரும். அந்நீரில் எலிக்காய்ச்சல் முதலிய நோய்க் கிருமிகள் கலந்திருத்தல் கூடும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள முகத்துவாரம் திறந்திருக்கும்போது அதனருகே ஓட்டம் கடுமையாகும். சில இடங்களில் முதலைகளும் உண்டு. இவற்றையெல்லாம் அவ்விடத்து மீனவரே நன்கறிவர். பயிற்சிக்களத்தைத் தேரும் ஆசிரியர் முதலிற் கலந்தாலோசிக்க வேண்டியவரும் அவரே. ஒரு நாள் காலை மீனவர் ஒருவர் வேண்டாமென்று தலையசைத்தால், அன்று பயிற்சியில்லை என்பது சட்டமாதல் வேண்டும்.

களத்தை வகுக்கும் முறை எளிது. மிதவைகள் கோத்த கயிற்றினால் 50 மீற்றர் நீளத்தை அளந்து எல்லையிடலாம். ஒரு தோணியும், நன்கு நீந்த வல்ல இருவரும், மிதவை வளையமும் எப்போதும் நீரிலிருத்தல் வேண்டும். இறங்கும்போதும் ஏறும்போதும் பிள்ளைகளை எண்ணுதல் வேண்டும். இருவரிருவராய் இணைத்து, ஒருவரை மற்றவர் நோக்குமாறு பழக்குதல் வேண்டும். இவையின்றி நடத்தும் பயிற்சி, எத்துணைப் பதக்கம் தருவதாயினும் பயிற்சியெனப்படாது.

வாவியில் மட்டும் பயின்றோர்க்கு ஒரு குறை எஞ்சும். அது திரும்புமுறையாகும். 25 மீற்றர்த் தடாகத்தில் 200 மீற்றர் நீந்துவோன் ஏழு முறை சுவரை அணுகித் திரும்புகின்றான். ஒவ்வொரு திரும்பலிலும் அரைச் செக்கன் இழப்பினும் மூன்றரைச் செக்கன் போய்விடும். அது பலருக்குப் பின்னால் முடிவதற்குப் போதுமான நேரம். போட்டிக்கு முந்திய கிழமைகளிலேனும் தடாகத்துக்குச் சென்று திரும்புமுறையைப் பழகுதல் இதற்கு மருந்தாகும்.

கால்வாயில் எழுந்த கழகம்

தடாகமில்லாத இடத்திற் சிறந்த அணி தோன்ற முடியுமோ என ஐயுறுவோர்க்கு, அவாய்த் தீவுகளின் மாவி என்னும் தீவில் நிகழ்ந்தது தக்க சான்றாகும். அங்கே சொயிச்சி சக்கமோட்டோ என்னும் பாடசாலை ஆசிரியர், 1937இல் கரும்புத்தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நீச்சற் கழகத்தைத் தொடங்கினார். அவர் சிறந்த நீச்சல்வீரரல்லர். பிள்ளைகள் நீந்தியதோ, கரும்புக்கு நீர்பாய்ச்சும் ஒடுங்கிய கால்வாயில். மூன்றாண்டிற் பயின்று 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக்குப் போட்டிக்குச் செல்வதே அவர்தம் குறிக்கோள். கழகத்தின் பெயரே ‘மூன்றாண்டு நீச்சற் கழகம்’ என்பதாயிற்று.

கால்வாயின் குறையையே அவ்வாசிரியர் கருவியாக்கினார். ஓட்டத்தை எதிர்த்து நீந்தச் செய்து வலிமையை வளர்த்தார். ஓட்டத்தோடு நீந்தச் செய்து உடலின் நெகிழ்வையும் விரைவுணர்ச்சியையும் வளர்த்தார். தாம் அறியாததைப் பார்த்தும், அளந்தும், குறித்தும் அறிந்துகொண்டார். அப்பிள்ளைகள் அமெரிக்க நாட்டின் தேசியப் போட்டிகளில் வெற்றி பெற்றனர். உலகப் போரினால் 1940ஆம் ஆண்டுப் போட்டி நடைபெறாது போயிற்று. எனினும் அவரிடம் பயின்ற பில் சிமித் என்பார், 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிற் 400 மீற்றர்த் தனிநபர் நீச்சலிலும் அஞ்சல் நீச்சலிலும் தங்கப் பதக்கங்களை வென்றார்.

இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. ஒன்று, பயிற்றுநர்க்கு வேண்டுவது முதற்றரமான நீச்சலாற்றலன்று. கூர்ந்து நோக்கும் கண்ணும் நாடோறும் தவறாது வரும் ஒழுங்குமே. மற்றையது, குறித்த இலக்குப் பொய்த்துப் போயினும் பயிற்சி வீண்போகாது என்பது. மட்டக்களப்பிலும் இதனையொத்த சான்று உண்டு. நியூ ஓர்லியன்சிலிருந்து 1947இல் வந்த இயேசுசபைத் துறவியாகிய வெபர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரி மாணவரை மெய்வல்லுநர் விளையாட்டிலும் கூடைப்பந்தாட்டத்திலும் பல்லாண்டு பயிற்றினார். நகரின் விளையாட்டரங்கு இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பயிற்சியின் படிமுறை

இளைஞரணியைப் பயிற்றுதல் மூன்று படிகளையுடையது. முதற்படி நீரோடு நட்புறுதல். மூச்சை நீருள் மெல்ல விடுதல், மல்லாந்து மிதத்தல், கிடையாக வழுக்கிச் செல்லுதல் ஆகிய மூன்றும் இப்படிக்குரியன. ஐந்து நிமிடம் அசையாது மிதக்கத் தெரியாத பிள்ளையை விரைந்து நீந்தவிடுதல், எழுத்தறியாதவனைக் கட்டுரை வரையச் சொல்வதனோடு ஒக்கும்.

இரண்டாவது படி முறைகளைக் கற்றல். தவழ் நீச்சல், மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்னும் நான்கும் போட்டி முறைகளாம். வண்ணத்துப்பூச்சி முறை முன்னர் மார்பு நீச்சலின் ஒரு வகையாயிருந்து, பின்னர்த் தனிமுறையாகப் பிரிக்கப்பட்டு, 1956ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றது. சிறு பிள்ளை ஒன்றினை ஒரே முறைக்கு உரியவனென விரைந்து முடிவு செய்தல் தகாது. நான்கையும் பழகிய உடலே சீராக வளரும். தோள்மூட்டும் முழங்காலும் ஒருபக்கத் தேய்வினின்றும் காக்கப்படும்.

இப்படியில் அளவுகோல் நேரமட்டுமன்று, வீச்செண்ணிக்கையுமாகும். 50 மீற்றரை 50 வீச்சில் நீந்தும் சிறுவன் வீச்சொன்றுக்கு ஒரு மீற்றர் செல்கின்றான். அதே நேரத்தில் 40 வீச்சில் முடிக்கக் கற்றானாயின், வீச்சொன்றுக்கு 1¼ மீற்றர் செல்கின்றான். நேரம் மாறாவிடினும் அவன் முன்னேறியுள்ளான் என்பது தெளிவு. இதனை அவனுக்குக் காட்டுவதால், பிறரோடு ஒப்பிட்டுத் தளர்வதை விடுத்துத் தன்னோடு தன்னை ஒப்பிடப் பழகுவான்.

மூன்றாவது படி உழைப்பு. 400 மீற்றரை ஒரேயடியாக நீந்தச் செய்தால், களைப்பினால் முறை குலைந்து, குலைந்த முறையே பழக்கமாகிவிடும். அதனை எட்டு 50 மீற்றராகப் பகுத்து, ஒவ்வொன்றுக்குமிடையே 20 செக்கன் ஓய்வு தந்தால், மொத்த உழைப்புக் குறையாமலே முறையும் நிலைபெறும். இதுவே இடைவெளிப் பயிற்சி. நீந்தி முடித்தவுடன் நாடித்துடிப்பை எண்ணுவதும், காலையில் எழுந்தவுடன் எண்ணுவதும் உழைப்பின் அளவை அறிய உதவும். அவுஸ்திரேலியப் பயிற்றுநரான போர்ப்சு கார்லைல், இத்தகைய அளவைகளைப் பயிற்சியிற் புகுத்தியவருள் முன்னோடி. போட்டி நெருங்க நெருங்க உழைப்பைக் குறைத்து உடலை ஆறவிடும் முறையையும் அவர் வற்புறுத்தினார்.

அவரிடம் பயின்ற சேன் கூல்டு என்னும் சிறுமி, 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றபோது அகவை 15. அடுத்த ஆண்டே, 16ஆம் அகவையில், அவர் போட்டி நீச்சலினின்றும் விலகினார். இளமையிற் பெறும் பெருவெற்றி ஒரு பெருஞ்சுமையுமாகும் என்பதை இது நினைவூட்டும். வளர்ச்சி எல்லார்க்கும் ஒரே அகவையில் வருவதன்று. பன்னிரண்டு அகவையில் உயர்ந்து வளர்ந்தவன் முந்துவான். அவனிற் குட்டையானவன் பதினாறில் அவனை முந்துதலும் கூடும். பன்னிரண்டில் முந்தியவனை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கிய அணி, நாளைய வீரனை இன்றே இழந்துவிடும்.

மூச்சும் அச்சமும்

சிறுவர் பெரிதும் விரும்பும் விளையாட்டுக்களுள் ஒன்று, நீருள் யார் நெடுநேரம் மூச்சடக்குவார் எனப் பந்தயமிடுதல். இது விலக்கப்பட வேண்டியது. மூச்சுவிட வேண்டும் என்னும் உந்தலை உடலுக்கு அளிப்பது பெரும்பாலும் குருதியிற் சேரும் காபனீரொட்சைட்டே. நீரில் அமிழுமுன் பன்முறை விரைந்து மூச்செறிவோன் அவ்வாயுவை வெளியேற்றிவிடுகின்றான். ஒட்சிசனோ அதற்கேற்பக் கூடுவதில்லை. அதனால் உந்தல் தோன்றுமுன்னரே ஒட்சிசன் குறைந்து, எவ்வித எச்சரிக்கையுமின்றி நினைவிழந்து, ஓசையின்றி மூழ்கிப் போவான். நன்கு நீந்த வல்லோரே இவ்வாறு இறத்தலுண்டு. மூழ்குவோர் கூக்குரலிடுவர் என்னும் எண்ணமும் பிழையானது. மூச்சுக்கே போராடுவோன் குரலெழுப்ப இயலான். இவ்விரு செய்திகளையும் ஒவ்வொரு பிள்ளையும், ஒவ்வொரு பெற்றாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவருள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகள். வாவியும் குளமும் கடலும் சூழ்ந்த நாட்டுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று.

மட்டக்களப்புக் கரையினர்க்கோ வேறொரு நினைவும் உண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி முதலிய ஊர்களை அழித்து, அம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டது. அப்பேரலையின் முன் நீச்சலறிவு பெரிதும் பயன்படாது என்பது உண்மையே. ஆயினும் அதன்பின் நீரை நோக்கவே அஞ்சிய பெற்றோர், தம் பிள்ளைகளை நீரினின்றும் விலக்கியே வளர்க்க விழைந்தமை இயல்பு. அவ்விலக்கம் பிள்ளையைக் காப்பதாகத் தோன்றும். ஆனால் நீர் சூழ்ந்த நாட்டில் எப்பிள்ளையும் நாளெல்லாம் நீரை விட்டு விலகியிருத்தல் இயலாது. தோணி கவிழும்போதும், வெள்ளம் பெருகும்போதும், தோழன் கால் வழுக்கும்போதும் நீர் தானாகவே அண்டிவரும்.

அச்சமுற்ற பிள்ளையை நீரிற் பிடித்துத் தள்ளிப் பழக்குதல் கொடுமை. அது அச்சத்தை ஆழப்பதிக்குமன்றி நீக்காது. முழங்காலளவு நீரில் நின்று முகங்கழுவுதல் முதலாகச் சிறுசிறு படிகளில், அப்பிள்ளையே மறுபடி என்று கேட்குமளவும் பொறுத்திருத்தலே வழி. பெற்றோரையும் கரைக்கு அழைத்து, நடப்பதை அவர் கண்முன்னே காட்டுதல் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநரும், நாணத்துக்கு இடையூறில்லாத உடையும், மறைவான உடைமாற்றிடமும், ஏற்ற நேரமும் அமைத்துக் கொடுப்பின், அவர்தம் அணியும் தழைக்கும். இவற்றைச் சலுகையென எண்ணுதல் தவறு. இவை பயிற்சிக்குரிய அடிப்படைகளே.

பயிற்றுநரின் பண்பு

அணியைப் பயிற்றுவோர்க்கு நிறுத்தற் கடிகாரம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது நடுவுநிலை. விரைந்து நீந்துவோனிடம் மட்டும் பேசும் பயிற்றுநரின் அணியில் ஏனையோர் நாளடைவில் மறைவர். அடித்தும் இழித்தும் பெறும் விரைவு நெடுநாள் நில்லாது. பிள்ளையின் உடலெடையைப் பலர்முன் எடுத்துரைத்து நாணச் செய்தல், காய்ச்சலோடு வந்தவனை வீரமென்று கூறி நீரில் இறக்குதல், தோள்நோவை மறைக்கத் தூண்டுதல் என்பன போன்ற செயல்கள் பயிற்றுநரின் பதவிக்கே இழுக்காவன. பயிற்சி எப்போதும் பலர் காணும் இடத்தில் நடைபெறுதலும், தனித்து ஒரு பிள்ளையோடு இருத்தலைத் தவிர்த்தலும், பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க இசைதலும் இக்காலத்தில் எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதிகளாம்.

போட்டியில் தோல்வியுற்று வரும் பிள்ளையிடம் பயிற்றுநர் கூறும் முதற்சொல் மிக முக்கியமானது. வீச்சு எங்கே குலைந்தது, திரும்பல் எங்கே தாழ்ந்தது என்று அமைதியாகக் காட்டப்பெற்றவன் மறுநாட் காலை மீண்டும் கரைக்கு வருவான். வெற்றியடைந்தவனுக்கும் அதே அமைதியோடு குறைகூறத் தெரிந்தவரே நல்லாசிரியர்.

நீரிலிருந்து வெளிவருமாறு பயிற்றுநர் கட்டளையிட்டால், உடனே கீழ்ப்படிதல் அணியின் முதல் விதியாக இருத்தல் வேண்டும். இடியோசை கேட்டபோதும், உதடு நீலம் பாய்ந்தபோதும், சொல் குழறியபோதும், இன்னும் சிறிது என்று கெஞ்சும் வீரனை மறுத்துக் கரையேற்றுதல் பயிற்றுநரின் கடமை. துணிவு நீந்துவோனுக்குரியது, அளவறிதல் பயிற்றுவோர்க்குரியது. இவ்விரண்டும் ஒருவர் தலையிலேயே சுமத்தப்படுமாயின் கேடு நேரும்.

பதக்கமும் பயனும்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருதல் வேண்டும். பொருள்வளம் குறைந்த மாவட்டமொன்று, ஆற்றல்மிக்க சிலரைத் தேர்ந்து பதக்கம் வெல்லப் பயிற்றுதல் நன்றோ, அன்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் உயிர்காக்கும் நீச்சலைக் கற்பித்தல் நன்றோ என்பர். இவ்விரண்டும் எதிரிகளல்ல. பலர் நீந்தும் ஊரிலேதான் சிலர் விரைந்து நீந்துவர். விரைந்து நீந்தும் அச்சிலரைக் கண்டே மேலும் பலர் நீரில் இறங்குவர். ரோவியானா வாவியில் நீந்தாதார் எவருமில்லை என்னும் நிலை இருந்தமையாலன்றோ ஒரு விக்கம் தோன்றினார்! கால்வாயில் விளையாடும் பிள்ளைகள் பலர் இருந்தமையாலன்றோ சக்கமோட்டோவுக்கு ஓர் அணி கிட்டிற்று!

ஆகவே போட்டியணியைச் சேர்ந்த மூத்த மாணவர் ஒவ்வொருவரும் கிழமையில் ஒருநாள், தம் ஊரின் இளைய பிள்ளைகள் சிலர்க்கு மிதக்கக் கற்பித்தல் என்னும் விதியைப் பாடசாலைகள் மேற்கொள்ளுதல் சாலச் சிறந்தது. கற்பிப்பவன் தான் கற்றதை மேலும் தெளிவாக அறிவான். அணியின் செலவுக்குப் பொருள் தரும் பழைய மாணவரும் ஊரவரும், தம் பொருளின் பயனைப் பரிசளிப்பு நாளில் மட்டுமன்றி நாள்தோறும் வாவிக்கரையிற் காண்பர்.

எழுவான்கரைப் பிள்ளையும் படுவான்கரைப் பிள்ளையும் ஒரே நீரின் இருபுறத்தே வளர்வோர். இருவரையும் பிரித்து நிற்கும் அந்நீரை, இருவரும் அச்சமின்றி நீந்தத் தக்க களமாக்குதல் நல்ல பயிற்சியால் இயலும். அவ்வணி வெல்லும் பதக்கங்கள் பாடசாலை மண்டபத்தின் பேழையில் வைக்கப்படும். அவ்வணியிடம் நீந்தக் கற்ற பிள்ளைகளோ மாலைதோறும் வீடு திரும்புவர். இவ்விரண்டனுள் பின்னதே பெரும்பேறு என்பதை உணர்ந்த ஊர், முன்னதையும் காலப்போக்கில் தப்பாது பெறும்.